கச்சத் தீவும் நமது பள்ளத்தாக்கும்

கடலைக் கண்டறியாத பிள்ளைகளுக்குத் தீவு என்றால் இன்னதென்று விளங்க வைப்பது எளிதான காரியமன்று. நாம் கம்பம் பள்ளத்தாக்கில் பூகோளம் போதிக்கும் உபாத்தியாயர். இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருந்து வருகிறோம். எங்கள் ஊரில் மேற்கே பார்த்தால் மலை. தெற்கே பார்த்தால் மலை. கிழக்கே மேகமலையும் வருஷநாட்டு மலையும். வடக்குத் திசை ஒன்றுதான் திறந்திருக்கிறது. அவ்வழியே தேனிக்குப் போய், ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டி, மதுரையை அடைந்து, அதற்கப்பாலும் நாலு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தால்தான் உப்புக் காற்று முகத்தில் படும். இப்படிப்பட்ட இடத்தில் வளரும் பிள்ளையிடம், "நாற்புறமும் நீரால் சூழப்பட்ட நிலப்பரப்பு தீவு எனப்படும்" என்று சொன்னால், அது பரீட்சையில் எழுதி மார்க் வாங்குமேயன்றி மனக் கண்ணில் ஒன்றும் காணாது.

ஆகையால் நாம் ஒரு தந்திரம் செய்து வந்தோம். வருஷந்தோறும் பிள்ளைகளைத் தேக்கடிக்கு அழைத்துப் போய்ப் பெரியாற்று ஏரியைக் காட்டுவோம். 1895-ஆம் வருஷத்தில் அணை முடிந்து நீர் தேங்கியபோது அங்கிருந்த காடு மூழ்கிப் போயிற்று. அன்று பட்டுப்போன மரங்கள் இன்றைக்கும் ஏரியின் நடுவே கறுத்த கம்பங்களாக நிற்கின்றன. பள்ளங்களெல்லாம் நீருக்கடியில் மறைய, சில மேடுகள் மாத்திரம் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். "அதோ பாருங்கள், அதுதான் தீவு!" என்று படகிலிருந்தபடியே சுட்டிக் காட்டுவோம். பிள்ளைகள் ஆவென்று பார்ப்பார்கள். நமக்கும் பாடம் நடத்திவிட்ட திருப்தி உண்டாகும்.

2024-ஆம் வருஷம் இந்தத் திருப்திக்குப் பங்கம் வந்தது. ஒன்பதாம் வகுப்பில் புதிதாக ஒரு பையன் வந்து சேர்ந்தான். பாம்பனிலிருந்து வந்தவன், தாய்மாமன் இங்கே திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறார். நாம் வழக்கம்போல் ஏரி மேட்டைச் சுட்டிக் காட்டியபோது அவன் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"ஏன் தம்பி சிரிக்கிறாய்?"

"ஒண்ணுமில்லை சார். எங்க ஊரே தீவுதான் சார். இது வெறும் திட்டு."

பாம்பன் ராமேசுவரம் தீவில் இருக்கிறது என்பது நமக்குத் தெரியாததன்று. ஆயினும் அதை ஒரு பையன் சிரித்துக்கொண்டே சொல்லும்போது தெரிவது வேறு விதமாக இருந்தது. அவன் மாமன் வீட்டுக்கு வந்த காரணமும் பிறகு தெரிந்தது. அவன் தகப்பனாரின் விசைப்படகு எல்லை தாண்டியதாக அந்தக் கரையில் பிடிபட்டுப் போயிற்று. சில வாரங்களில் ஆட்கள் திரும்பி வந்தார்கள். படகு திரும்பவில்லை. படகின் மேல் வாங்கிய கடன் மட்டும் மாதந்தவறாமல் வீட்டு வாசலுக்குத் திரும்பித் திரும்பி வந்துகொண்டிருந்தது.

அந்த வருஷம் அரைப் பரீட்சையில், "கச்சத் தீவு - சிறு குறிப்பு வரைக" என்று ஐந்து மார்க்குக்கு ஒரு கேள்வி கொடுத்திருந்தோம். நாம் எதிர்பார்த்த விடை இதுதான்: பரப்பு 285 ஏக்கர், ராமநாதபுரம் ஜமீனைச் சேர்ந்தது, 1974-இல் இலங்கைக்குத் தாரை வார்க்கப்பட்டது, மீட்கப்பட வேண்டும். மற்றப் பிள்ளைகள் யாவரும் இதைச் சொல் பிசகாமல் எழுதியிருந்தனர். பாம்பன் பையன் எழுதியிருந்தது வருமாறு: "கச்சத் தீவில் குடிதண்ணீர் கிடையாது. ஆட்களும் கிடையாது. எங்கள் தாத்தா காலத்தில் அங்கே வலையைக் காயப்போட்டுச் சோறு பொங்கிச் சாப்பிட்டு விட்டு வருவார்கள். அந்தோனியார் கோவில் இருக்கிறது. இப்போது திருவிழாவுக்கு மட்டும் போகலாம்."

நாம் சிவப்பு மையால் ஒரு பெரிய சுழியைப் போட்டோம்.

விடைத்தாளைக் கொடுத்த அன்று அவன் மேஜைக்கருகில் வந்து நின்றான். "சார், இதில் எது தப்பு?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்வதற்காகவே கேட்டான். நாம் தாளை வாங்கி இருமுறை படித்தோம். தப்பான வாக்கியம் ஒன்றுகூட இல்லை. சரியான விடைக்குச் சுழி போட்ட உபாத்தியாயர் என்ன பதில் சொல்வார்? "உட்கார், பார்க்கலாம்" என்றோம். உபாத்தியாயர்கள் தோற்றுப் போகும்போது சொல்லும் வார்த்தை அது.

அன்றிரவே புஸ்தகங்களைப் புரட்டத் தொடங்கினோம். சர்வகலாசாலையில் பூகோளம் படித்துப் பட்டம் வாங்கியிருந்தும், கச்சத் தீவைப் பற்றி மேடைப் பேச்சுக்கு மேல் நாம் ஒன்றும் அறிந்திருக்கவில்லை என்பது வெட்கத்தோடு தெரியவந்தது.

அத்தீவு பாக் ஜலசந்தியில், ஏறக்குறைய 9 டிகிரி 23 மினிட் வட அட்சத்தில் கிடக்கிறது; அதாவது நம் கம்பத்தைவிடச் சற்றுத் தெற்கே. நீளம் ஒரு மைல். அகலம் மிகுந்த இடத்தில் ஆயிரம் அடி சொச்சம். ராமேசுவரத்துக்கு வடகிழக்கே சுமார் 33 கிலோமீட்டர். இலங்கையைச் சேர்ந்த நெடுந்தீவுக்கு அதைவிடக் கிட்டே, சுமார் 24 கிலோமீட்டர். நன்னீர் ஊற்று எதுவும் இல்லாமையால் அங்கே குடியேறி வாழ்ந்தவர் எவருமில்லை. நம் பள்ளத்தாக்கில் இருபோகம் விளையும் வயல் மாத்திரம் 14,707 ஏக்கர். அதற்குள் ஐம்பது கச்சத் தீவுகளை வைத்துவிட்டு வரப்புக்கும் இடம் விடலாம்.

ஆள் இல்லாத இடத்தை ஆளுவது எப்படி? நாம் இதுவரை யோசித்திராத விஷயம் இதுதான். ஊர் என்றால் வரி வசூலாகும், பிறப்பு இறப்பு பதிவாகும், சண்டை வந்தால் போலீஸார் வருவர். ஒருவருமே இல்லாவிட்டால் இராஜாங்கம் தன்னை எதனால் காட்டிக்கொள்வது? நார்வே தேசத்தார் தென் அட்லாண்டிக் சமுத்திரத்திலுள்ள பூவே என்ற பனித் தீவை ஆஸ்லோ நகரத்துக் காரியாலயம் ஒன்றிலிருந்தபடியே ஆளுகிறார்கள். பசிபிக் சமுத்திரத்திலுள்ள கிளிப்பர்டன் என்னும் ஜனமற்ற தீவுக்காகப் பிரான்ஸும் மெக்ஸிகோவும் வழக்காடியதில், மத்தியஸ்தராயிருந்த இத்தாலி மன்னர் 1931-இல் பிரான்ஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னார். அதைவிட ருசிகரமானது, இங்கிலீஷ் கால்வாயிலுள்ள எக்ரெஹோ முதலிய பாறைகளைப் பற்றிய வழக்கு. 1953-இல் சர்வதேச நீதிமன்றம் அவற்றை பிரிட்டனுக்கு உரியவை என்று தீர்மானித்தது. அதற்குக் காட்டிய அத்தாட்சிகள் எவை என்கிறீர்கள்? பாறையில் ஒதுங்கிய பிரேதங்களுக்கு ஜெர்ஸி தீவு அதிகாரிகள் மரண விசாரணை நடத்தியது. அங்கிருந்த குடிசைகளுக்கு வரி போட்டது. இத்தகைய சில்லறைக் காரியங்கள்தாம். படையெடுப்பைக் காட்டிலும் கணக்குப்பிள்ளையின் பேனா பலமுள்ளதாயிருந்தது.

கச்சத் தீவுக்கும் ராமநாதபுரத்துக் கணக்குப்பிள்ளைகள் சில காகிதங்களை விட்டுச் சென்றிருக்கிறார்கள். 1880-ஆம் வருஷத்தில் சாயவேர் சேகரிக்கும் உரிமைக்காக எழுதப்பட்ட குத்தகையில் ஏராளமான கிராமங்களோடு பதினொரு தீவுகளும் அடங்கியிருந்தன. கச்சத் தீவும் அவற்றில் ஒன்று. அந்தக் காலத்தில் துணிக்குச் சிவப்புச் சாயம் ஏற்றுவதற்கு இந்த வேரைத் தேடி மனிதர் மணல் தீவுகளுக்கெல்லாம் போனார்கள். நூற்றாண்டு திரும்பியபின் நம் கரையைச் சேர்ந்த சீனிவாசப் படையாச்சி என்பார் அங்கே அந்தோனியாருக்கு ஒரு சிறு கோவில் கட்டினார். மறுபுறத்தில் இலங்கையாரும் சும்மா இருக்கவில்லை. பழைய படங்களைக் காட்டித் தீவு தம்முடையது என்று வாதித்தனர். 1921-இல் கொழும்பில் இரு தரத்து அதிகாரிகளும் கூடி மீன்பிடி எல்லையை வகுத்தபோது, தீவுக்கு மூன்று மைல் மேற்கே கோடு போட்டார்கள். ஆனால் அந்த உடன்பாடு முறைப்படி உறுதி செய்யப்படாமலே கிடந்தது. இரண்டு பக்கமும் ஆண்டவர்கள் ஆங்கிலேயர்களே. ஒரு வீட்டுக்குள் வேலி எதற்கு என்று விட்டுவிட்டார்கள் போலும். 1948-ஆம் வருஷத்துச் சட்டத்தால் ஜமீன் ஒழிந்தது. தீவைப் பற்றிய வாதம் ஒழியவில்லை.

1974 ஜூன் மாதத்தில் ஸ்ரீமதி இந்திரா காந்தியும் ஸ்ரீமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். எல்லைக்கோடு தீவின் மேற்குக் கரையிலிருந்து ஒரு மைல் தள்ளிப் போடப்பட்டது. சென்னைச் சட்டசபை அந்த ஆகஸ்டிலேயே ஆட்சேபித்துத் தீர்மானம் செய்தது. நமக்கு ஆச்சரியமளித்தது ஒப்பந்தத்தின் ஐந்தாவது ஷரத்து. இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் அதுவரை போய் வந்தபடியே கச்சத் தீவுக்குப் போய் வரலாம். அதற்கு அநுமதிச் சீட்டோ விசாவோ கேட்கப்பட மாட்டாது என்று அது சொல்லுகிறது. அதாவது பையனின் தாத்தா வலை காயப்போட்ட விஷயம் இரண்டு தேசங்களின் பிரதம மந்திரிகள் கையொப்பமிட்ட பத்திரத்தில் இடம் பெற்றிருக்கிறது! நாம் அதற்குத்தான் சுழி போட்டோம்.

ஆனால் இரண்டு வருஷத்துக்குள் கதை மாறிற்று. 1976 மார்ச்சில் இரு சர்க்கார்களும் கடிதங்கள் பரிமாறிக்கொண்டன. ஒரு தேசத்துப் படகு மற்றத் தேசத்து நீரில் மீன் பிடிக்கலாகாது என்று அவற்றில் ஏற்பட்டது. கன்னியாகுமரிக்குத் தெற்கேயுள்ள வாட்ஜ் பாங்க் என்னும் மீன் வளமிக்க பரப்பு இந்தியாவுடையது என்றும் அப்போது ஒப்புக்கொள்ளப்பட்டது. அது நெருக்கடி நிலைக் காலம். தமிழ்நாட்டு மந்திரிசபை அதற்கு முந்திய ஜனவரி 31-ஆம் தேதி கலைக்கப்பட்டுவிட்டது. ஆட்சேபிப்பதற்குச் சட்டசபையே இல்லை. நாம் இருபது வருஷமாக 1974-ஐப் பற்றி உரக்கப் பேசி வந்தோம். வலையைக் கட்டிய 1976-ஐப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. பாடப் புஸ்தகத்தில் ஒரு வருஷத்துக்குத்தான் இடம் இருந்தது போலும்.

இவ்விடத்தில் நம் பள்ளத்தாக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் நாமும் ஒரு பழைய பத்திரத்தை நம்பிப் பிழைப்பவர்கள்.

1886 அக்டோபர் 29-ஆம் தேதி திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் சென்னை ராஜதானிக்காகச் செயலாற்றிய பிரிட்டிஷாருக்கும் ஒரு குத்தகை எழுதப்பட்டது. எண்ணாயிரம் ஏக்கர் மலைநிலம். காலம் 999 வருஷம். வருஷ வாடகை ஏக்கருக்கு ஐந்து ரூபாய், ஆகப் பெரும்பாலும் நாற்பதினாயிரம் ரூபாய். அந்த நிலத்தில்தான் பென்னிகுக் துரை அணையைக் கட்டி, மேற்கே கடலுக்கு ஓடிய ஆற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிவிட்டார். அந்த நீர் லோயர் காம்ப்பில் இறங்கிக் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாக வைகைக்குப் போய் மதுரைச் சீமையையும் நனைக்கிறது. 1970-இல் வாடகை ஏக்கருக்கு முப்பது ரூபாயாக உயர்த்தப்பட்டது; ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையும் கேரளத்துக்கு விடப்பட்டது. நிலம் நம்முடையதாக ஒருபோதும் ஆனதில்லை. அது கேரள நிலம்; சுற்றிலும் காடு; யானையும் காட்டெருமையும் உலவும் இடம். ஆனால் அங்குள்ள மதகைத் திறந்து மூடுபவர்கள் நம்முடைய நீர்வள இலாகாவினர். உலகத்தில் தீவுகளைப் பற்றி எத்தனையோ விசித்திரமான ஏற்பாடுகள் இருக்கலாம். ஜனமில்லாத ஒரு நிலத்தை அயலாருக்கு உரியதாகவே வைத்துக்கொண்டு, அதன் உபயோகத்தை மட்டும் ஆயிரத்துக்கு ஒன்று குறைவான வருஷங்களுக்கு வாங்கிக்கொண்ட விசித்திரம் நம் தலைமேலேயே இருக்கிறது.

அந்த உபயோகத்துக்கு ஆபத்து வந்தபோது பள்ளத்தாக்கு என்ன செய்தது என்பதை 2011 டிசம்பரில் தேசம் பார்த்தது. ஆயிரமாயிரமாக ஜனங்கள் குமுளி எல்லையை நோக்கி நடந்தார்கள். நாமும் அக்கூட்டத்தில் நடந்தோம். 2014 மே 7-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று தீர்ப்பளித்த அன்று கூடலூரில் மிட்டாய் வழங்கியவர்களுள் நமக்குத் தெரிந்த சம்சாரி ஒருவர் உண்டு. அவரிடம் போய்க் கச்சத் தீவு விஷயத்தை எடுத்தோம்.

"குத்தகைப் பத்திரம் பழசு, செல்லாது என்று மலைக்கு அந்தப் பக்கத்தார் சொன்னால் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டோம்.

"அதெப்படி வாத்தியாரய்யா? எழுதிக் கையெழுத்துப் போட்டது. நம்ம பேரன் பேத்தி காலத்துக்கும் அப்புறம் எண்ணூறு வருஷம் பாக்கி கிடக்கு. பத்திரம் பத்திரந்தானே?"

"அப்படியானால் 1974-ஆம் வருஷத்துப் பத்திரம்?"

"அதைக் கிழிச்சுப் போடணும், வாத்தியாரய்யா!"

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். நாமும் சிரித்தோம். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பு நம்மை விடவில்லை.

இரண்டும் ஒன்றல்ல என்று வாதிக்க இடமுண்டு. தேசத்தின் நிலத்தை அயல் தேசத்துக்குக் கொடுப்பதானால் அரசியல் சாஸனத்தையே திருத்தியாக வேண்டும் என்று பெருபாரி விவகாரத்தில் சுப்ரீம் கோர்ட்டு 1960-இல் சொல்லியிருக்கிறது. அப்படி ஒரு திருத்தம் கச்சத் தீவுக்காகச் செய்யப்படவில்லை. நிலம் எதையும் கொடுக்கவில்லை, விவாதத்திலிருந்த இடத்தில் எல்லை வகுத்தோம், அவ்வளவே என்பது மத்திய சர்க்காரின் வாதம். ஸ்ரீமதி ஜெயலலிதா 2008-இலும், ஸ்ரீ கருணாநிதி 2013-இலும் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றார்கள். 2025 ஏப்ரல் 2-ஆம் தேதி சட்டசபை மறுபடியும் தீவை மீட்கத் தீர்மானம் நிறைவேற்றியது. அவ்வருஷமே செப்டம்பர் முதல் தேதி இலங்கை ஜனாதிபதி அநுர குமார திஸாநாயக்க தாமே தீவுக்குப் போய் இறங்கினார். ஜனமற்ற தீவுக்கு ஜனாதிபதி போவது எதற்காக? எக்ரெஹோ பாறையில் குடிசைக்கு வரி போட்டதை நினைத்துப் பார்த்தால் விளங்கும்.

வாதங்கள் கிடக்கட்டும். புஸ்தகத்தில் பார்த்த தீவை நேரில் பார்க்காமல் அந்தப் பையன் முகத்தில் விழிக்க நமக்கு மனம் வரவில்லை. 2025 மார்ச் 14, 15 தேதிகளில் அந்தோனியார் திருவிழா நடப்பதாக இருந்தது. பையனின் மாமன் ஏற்பாடு செய்தார். நாம் கிறிஸ்தவரல்லர். அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அடையாளச் சீட்டைப் பற்றித்தான் ஓயாமல் கேட்டார்கள். பாம்பனில் புது ரயில் பாலம் அப்போது இன்னும் திறக்கப்படவில்லை. ஆகவே பஸ்ஸில் சாலைப் பாலத்தைக் கடந்தோம். அந்தப் பாலத்துக்கு அன்னை இந்திரா காந்தி பாலம் என்று பெயர். பஸ்ஸில் இருந்தவர்கள் ஒருவரும் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நாமும் கண்டக்டரிடம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

விசைப்படகில் மூன்று மணி நேரம். முதல் அரை மணியிலேயே நம் பூகோள ஞானம் முழுவதும் வயிற்றிலிருந்து வெளியே வந்துவிட்டது. மலைநாட்டு மனிதனைக் கண்டு படகிலிருந்த கிழவிகள் இரக்கப்பட்டு எலுமிச்சம் பழம் கொடுத்தார்கள். எல்லைக்கோட்டை எப்போது தாண்டினோம் என்று நாம் ஆவலோடு எதிர்பார்த்திருந்தோம். கோடு எங்கேயும் தென்படவில்லை. அந்தப் பக்கத்துக் கடற்படைப் படகு ஒன்று எதிரே வந்து நின்றபோதுதான், "தாண்டியாச்சு சார்" என்றார் மாமன்.

தீவு தட்டையாக இருந்தது. மணல், பவளக்கல், முட்புதர், இடுப்பளவு செடிகள். ஒரு கோடியில் நின்று பார்த்தால் கடல் இரு புறமும் தெரிகிறது. நாம் இருபது வருஷமாகச் சொல்லி வந்த "நாற்புறமும் நீரால் சூழப்பட்ட" என்ற வார்த்தைக்கு அன்றுதான் அர்த்தம் கண்டோம். 2016-இல் இலங்கைக் கடற்படையார் கட்டிக் கொடுத்த புதிய கோவில் இருக்கிறது. தண்ணீரும் அவர்களே கொண்டுவந்து தருகிறார்கள். யாழ்ப்பாண ஜில்லாவில் நெடுந்தீவுப் பிரதேசத்தின் பகுதியாகத் தீவு நிர்வகிக்கப்படுகிறது. திருவிழாவுக்கு வேண்டிய ஏற்பாடுகளை யாழ்ப்பாணத்து அரசாங்க அதிபரின் காரியாலயம் செய்கிறது. ஆக, வருஷத்தில் இரண்டு நாள் அங்கே ஒரு முழுமையான சர்க்கார் உண்டாகிறது. வைத்தியர், போலீஸார், சுங்க அதிகாரிகள், கடை வீதி, எல்லாம் உண்டு. மூன்றாம் நாள் கடற்படையாரின் காவல் மாத்திரம் மிஞ்சும். உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில் இந்த இரண்டு நாள் சர்க்காரும் இல்லாமற் போயிருந்தது. 2009-இல் போர் முடிந்தபிறகே விழா பழைய நிலைக்குத் திரும்பியது.

வெள்ளிக்கிழமை மாலை கொடியேறிற்று. இரவு தேர் சுற்றி வந்தது. இரண்டு கரையிலிருந்தும் வந்த ஜனங்கள் மணலில் சேர்ந்து படுத்துக்கொண்டார்கள். நம்மவர்கள் சோப்பு என்று கேட்டு வாங்கியதை அவர்கள் சவர்க்காரம் என்று சொல்லி விற்றார்கள். நம் பக்கத்தில் நெடுந்தீவைச் சேர்ந்த முதியவர் ஒருவர் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். நாம் வாத்தியார் என்று அறிந்ததும் மரியாதையோடு நகர்ந்து இடம் கொடுத்தார். நாம் தீவு யாருடையது என்ற பேச்சை எடுத்தோம். எடுத்திருக்கக் கூடாதுதான்; கோவில் வாசலில் அது தகாத பேச்சு.

அவர் சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டுச் சொன்னார்: "தீவு ஆருடையது எண்டு கதைக்க இரண்டு பக்கமும் ஆக்கள் இருக்கினம் ஐயா. கடலுக்கை என்ன மிஞ்சியிருக்கு எண்டு கேக்கத்தான் ஒருத்தரும் இல்லை. உங்கட ரோலர் வந்து போனா, விடிய எங்கட வலை இருக்காது. கடன் எடுத்து வாங்கின வலை."

ரோலர் என்று அவர் சொன்னது, கடலடியை அரித்துச் செல்லும் இழுவைமடிப் படகை. இலங்கையில் 2017-இல் அந்தத் தொழில் சட்டத்தால் தடுக்கப்பட்டது. போர்க்காலத்தில் கடலில் இறங்கவே தடைப்பட்டிருந்த வடக்குத் தமிழ் மீனவர்கள் போர் முடிந்து வலையோடு திரும்பியபோது, நம் கரையின் இழுவைப் படகுகள் அங்கே முன்னமே பழகியிருந்தன. எதிர்க் கரையில் இருப்பது அயல் தேசத்துக் கடற்படை ஒன்றே என்று நாம் நினைத்திருந்தோம். கடனுக்கு வலை வாங்கிய தமிழ்க் கிழவர் ஒருவரும் அங்கே இருக்கிறார் என்பது நம் குறிப்பில் இல்லை. பாம்பன் பையனின் தகப்பனாருடையதும் இழுவைப் படகுதான் என்பது அந்த நேரத்தில் நம் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

அவ்விரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. நம் பள்ளத்தாக்கில் மலை யாருடையதாக இருந்தாலும் நீர் வந்தால் போதுமென்று தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறோம். அதில் நமக்கு மானக்குறைவு தோன்றியதில்லை. கடற்கரையிலோ நீர் போயிற்று, மீன் போயிற்று, வலை காயப்போட்ட மணலும் போயிற்று. அதற்கு நாம் தயாரித்து வைத்திருக்கும் விடை, நிலம் யாருடையது என்ற ஒரே வாக்கியம். தீவு திரும்பி வந்துவிட்டால்கூட அந்தக் கிழவரின் வலைக்கும் பையன் வீட்டுப் படகுக்கும் வழி பிறக்குமா என்று யோசித்தோம். குத்தகையைப்போல் ஓர் உபயோக உரிமையை, இத்தனை நாள், இத்தனை படகு, இன்ன வலை என்று இரு கரை மீனவர்களே உட்கார்ந்து எழுதிக்கொள்வது முடியாத காரியமா? அவ்வப்போது பேசிப் பார்த்திருக்கிறார்கள், முடிவு ஏற்படவில்லை. 1886-இல் முடிந்தது இன்று முடியாதென்று நாம் ஒப்புக்கொள்ளத் தயாராயில்லை. இழுவை மடியை நம்மவர் கைவிடாமல் அது முடியாது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இதை ராமேசுவரத்துத் துறைமுகத்தில் நின்று சொல்ல நமக்குத் தைரியம் உண்டா என்றால், சத்தியமாக இல்லை.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போனோம். கையில் தீவிலிருந்து எடுத்துவந்த ஒரு சிறு பவளக்கல் இருந்தது. முதலில் பையனின் பழைய விடைத்தாளை வாங்கிச் சுழியை அடித்துவிட்டு ஐந்து போட்டோம். வகுப்பில் சலசலப்பு உண்டாயிற்று. "நாம் எழுதியதற்கும் ஐந்து, அவன் எழுதியதற்கும் ஐந்தா சார்?" என்று முதல் மார்க்குப் பிள்ளை ஒன்று கேட்டது. "ஆம்" என்றோம்.

மணியடித்தபின் பையன் தனியாக வந்தான். கிழவர் சொன்னதை அவனிடம் சொல்வதா வேண்டாமா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் குழம்பியிருந்தோம். சொல்லிவிட்டோம். அவன் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்பாவும் சொல்வார் சார், அவங்க வலை அறுபடும்னு. ஆனா மடி இல்லாட்டி கடனை எப்படிக் கட்டுறது?"

இதற்கும் நம்மிடம் விடை இல்லை. பேச்சை மாற்றுவதற்காக, "உங்கள் படகு அங்கே நிற்கிறதா என்று பார்த்தேன், தம்பி. காணவில்லை" என்றோம்.

"அங்கே நிக்காது சார். மயிலிட்டியில்தான் கட்டியிருக்கும்."

மயிலிட்டி எங்கே இருக்கிறதென்று நமக்கு உடனே நினைவு வரவில்லை. சுவரிலிருந்த படத்தின் அருகே போய்த் தேடத் தொடங்கினோம். பையன் பின்னாலேயே வந்து, முன்னங்காலில் எம்பி நின்று, யாழ்ப்பாணத்துக்கு வடக்கே கடலோரத்தில் ஓரிடத்தில் விரலை வைத்தான். பள்ளிக்கூடத்துப் படத்தில் அங்கே பெயர் எழுதியிருக்கவில்லை. நாம் பையிலிருந்து பென்ஸிலை எடுத்து, அவன் விரல் நுனியில் ஒரு புள்ளி வைத்தோம்.